பர்மியர் புத்தாண்டும் நம் பெரிய வியாழனும்

சித்திரை முதல் நாள் நம் இல்லங்களில் புத்தாண்டு பிறக்கும் அதே வேளையில், வங்கக் கடலுக்கு அப்பால் பர்மா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளிலும் புத்தாண்டு பிறக்கின்றது. இதனை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அறிந்தோரும், அங்குள்ள மக்கள் ஒருவர்மீது ஒருவர் தண்ணீரை வாரி இறைத்து விளையாடுவார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்வார்கள். நானும் அவ்வாறு நிறுத்திக்கொண்டவனே. அதன் விளைவாக, 2022-ஆம் ஆண்டில் முதியவர் ஒருவருக்குத் தகாத விடையொன்றைக் கூறிவிட்டேன். அதனை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். விழாவைப் பற்றிய செய்திகளும் இடையிடையே வரும்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட எம் பங்கில் ‘பர்மாக்காரர்’ என்று அழைக்கப்படும் குடும்பங்கள் ஆறோ ஏழோ இருக்கின்றன. அவர்கள் நம்மைப் போன்ற தமிழர்களே. முன்னோர் அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேலை தேடி இரங்கூனுக்குக் கப்பலேறியவர்கள். 1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் கடைகளும் வாணிப நிலையங்களும் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் பணத்தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. பரம்பரையாகச் சேர்த்ததெல்லாம் ஒரு வசந்தத்திற்குள் கரைந்துபோக, இலட்சக்கணக்கான இந்தியர் தாயகம் திரும்பினர். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழர் பலருக்கு வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியிருக்க இடம் கிடைத்தது. பாரிமுனைக்கு அருகில் கடற்கரைச் சாலை ஓரமாக அவர்கள் விரித்த கடைகளே பின்னர் ‘பர்மா பஜார்’ என்று பேர் பெற்றன. அத்தோவும் மொய்ங்காவும் சென்னை மாந்தரின் நாவுக்குப் பழகியது அவர்களால்தான். சிலர் தமிழகத்தில் கால் ஊன்ற இயலாமல், தரை வழியாகப் பர்மாவுக்கே மீளலாம் என்று மணிப்பூர் வரை சென்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்டனர். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் தமிழர் கோயிலும் உள்ளன. எம் பங்கில் உள்ள குடும்பங்களோ, பிள்ளைகளுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தபோது வியாசர்பாடியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் இப்பக்கம் குடிபெயர்ந்தவை.

நான் இப்பங்கில் பொறுப்பேற்று ஓராண்டுகூட நிறைவுறாத காலம். 2022-ஆம் ஆண்டுக் குருத்து ஞாயிறு திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், துணைவியாருடன் திருப்பொருள் அறையின் வாயிலில் வந்து நின்றார். “சாமி, வர்ற வாரம் எங்க பர்மா வருஷப் பிறப்பு வருது. புனித வாரமா இருக்கே, வழக்கம்போல வீட்டுல செய்யலாமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்” என்றார்.

நாட்களை மனத்திற்குள் எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் 14 பெரிய வியாழன், 15 பெரிய வெள்ளி. “பெரியவரே, ஆண்டவர் சிலுவையில் தாகத்தால் தவித்த நாளில் நீர் விளையாட்டா? அதுவும் நம் பகுதியில் மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் மாதத்தில்? இவ்வாண்டு வேண்டாம், விட்டுவிடுங்கள்” என்றேன். கடிந்து பேசவில்லை. ஆயினும், அவர் என்ன செய்ய விரும்புகின்றார் என்று ஒரு சொல் கேட்கவுமில்லை. “சரிங்க சாமி” என்று கைகூப்பிவிட்டுப் போனார். நல்ல அறிவுரை வழங்கிவிட்டதாக நானும் எண்ணிக்கொண்டேன்.

அவ்வாண்டு கார்த்திகை மாதத்தில் அப்பெரியவர் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் செபத்திற்காக அவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். செபம் முடிந்து எல்லாரும் கலைந்த பின்னர் பாட்டியம்மா அலமாரியைத் திறந்து, கையகலமுள்ள ஒரு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். கப்பலேறும் நாளில் துறைமுகச் சோதனையில் எதையெதையோ வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இக்கிண்ணம் மட்டும் குழந்தையின் பால் கிண்ணம் என்று தப்பி வந்ததாம். “இதுல கொஞ்சம் தண்ணி எடுத்து, நாவல் கொழுந்தைத் தோய்ச்சு, பெரியவங்க தோள்ல ரெண்டு சொட்டுத் தெளிப்போம் சாமி. அவ்வளவுதான் எங்க வீட்டு வழக்கம். தெருவுல பீச்சியடிக்கறது பசங்க விளையாட்டு. வருஷம் பொறக்கற அன்னிக்குத்தான் முக்கியமானது. சின்னவங்க பெரியவங்களுக்குச் சீயக்காய் வச்சுத் தலை கழுவி விடுவாங்க. பேரன் கையால கழுவிக்கணும்னு அவருக்கு ஆசை” என்றார்.

“வருடம் பிறக்கும் நாள் எது?” என்று கேட்டேன்.

“பதினேழு. அந்த வருஷம் உயிர்ப்பு ஞாயித்துக்கெழம.”

நான் பதில் பேசவில்லை. பெரிய வெள்ளி என்று நான் தடுத்தது உயிர்ப்பு ஞாயிறு அன்று நடக்கவிருந்த செயலை. அன்று ஒரு முதியவரின் தலையைப் பேரன் கழுவிவிடுவதற்குத் திருச்சபையின் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. என் முகத்தைப் பார்த்த பாட்டியம்மா, “நீங்க என்ன சாமி பண்ணுவீங்க, உங்களுக்குத் தெரியாது இல்ல?” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அச்சொல்லைக் கேட்ட பின்னரே அவ்விழாவைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

பர்மியர் தம் புத்தாண்டு விழாவைத் ‘திஞ்சான்’ என்கின்றனர். தாய்லாந்தில் அதுவே ‘சொங்கிரான்’. இரண்டும் நமக்கு நன்கு பழகிய ‘சங்கிராந்தி’ என்னும் வடசொல்லின் திரிபுகளே. கதிரவன் ஓர் இராசியிலிருந்து மற்றோர் இராசிக்குள் புகுவது சங்கிராந்தி. மேட இராசிக்குள் புகும் நாளை ஆண்டின் தொடக்கமாகக் கொள்ளும் பழங்கணிதம் நம் நாட்டிலிருந்து கடல் கடந்து சென்றது. எனவேதான் நம் சித்திரைப் பிறப்பு, கேரளத்தின் விஷு, அசாமின் பிஹு, ஈழத்தின் புத்தாண்டு, பர்மாவின் திஞ்சான், தாய்லாந்தின் சொங்கிரான் அனைத்தும் ஏப்ரல் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் வாழும் தாய் இன மக்களும் அந்நாட்களிலேயே நீர்விழா எடுக்கின்றனர்.

பகலும் இரவும் ஒத்திருப்பது மார்ச் 21-ஐ ஒட்டி அல்லவா? பின் ஏன் ஏப்ரல் 14 என்று வாசகர் கேட்கலாம். குருமடத்தில் பாஸ்கா நாளைக் கணிக்கக் கற்றவர்களுக்கு இக்கேள்வி எழாமல் இராது. சூரிய சித்தாந்தத்தின்படி ஓர் ஆண்டின் நீளம் 365.2587 நாட்கள். பருவங்களின் சுழற்சிக்கோ 365.2422 நாட்களே போதும். ஆண்டுக்கு ஏறத்தாழ 24 நிமிட வேறுபாடு, அறுபது ஆண்டுகளில் ஒரு நாளாகத் திரண்டுவிடும். பர்மிய சகாப்தம் தொடங்கிய கி.பி. 638-இல் புத்தாண்டு அந்நாளைய உரோமைக் கணக்கில் மார்ச் 22. இன்று அது ஏப்ரல் 17-க்கு வந்து நிற்கின்றது. நம் சித்திரையும் இவ்வாறே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றது. (தமிழ்ப் புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்று 2008-இல் ஒரு சட்டமும் 2011-இல் அதற்கு மாறாக மற்றொரு சட்டமும் இயற்றிய வரலாற்றுக்குள் நான் நுழைய விரும்பவில்லை.)

நமக்குப் புத்தாண்டு ஒரே நாள். பர்மியர்க்கோ அது இரு நாட்களுக்கு மேல் நீளும் ஒரு கடத்தல். கதிரவன் மேடத்தில் ‘இறங்கும்’ நாள் ஒன்று, ‘ஏறும்’ நாள் வேறொன்று. ஏறிய நாளுக்கு மறுநாளே புதிய ஆண்டின் முதல் நாள். அதனால்தான் நம் சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாட்கள் கழித்தே அவர்களுடைய ஆண்டு பிறக்கின்றது. இந்த நுட்பத்தை அறியாமல் பதினான்காம் தேதியை மனத்தில் வைத்துக்கொண்டே நான் அப்பெரியவருக்கு விடை கூறினேன். தாய்லாந்து அரசு 1941 முதல் ஜனவரி முதல் நாளையே சட்டப்படியான புத்தாண்டாகக் கொண்டது. ஆயினும் மக்களுக்குச் சொங்கிரானே பெருநாள். 2023-இல் சொங்கிரானையும் 2024-இல் திஞ்சானையும் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்துள்ளது.

இனி, அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்போம். தேவர்களின் அரசனாகிய இந்திரனைப் பர்மியர் ‘தஜாமின்’ என்பர். கதிரவன் இறங்கும் நாளில் அவன் மண்ணுலகிற்கு வருவானாம். அவன் கையில் இரண்டு ஏடுகள். நல்லோர் பெயரை எழுதுவது பொன்னேட்டில், தீயோர் பெயரை எழுதுவது நாய்த்தோல் ஏட்டில். அவன் நீர்க்குடத்தோடு வந்தால் அவ்வாண்டு அமைதி, படைக்கலத்தோடு வந்தால் கலகம் என்று சோதிடர் கூறுவர். அவனை வரவேற்க ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் மலரும் தழையும் செருகிய மண்குடம் ஒன்று வைக்கப்படும். வெடி முழங்கியதும் அக்குடத்து நீரை நிலத்தில் ஊற்றி வேண்டுதல் செய்வர். நம் வாயிற்படிகளில் வைக்கும் நிறைகுடம் வாசகர் நினைவுக்கு வரலாம்.

மற்றொரு கதை இன்னும் விந்தையானது. பிரமர்களின் அரசன் ஒருவன் இந்திரனோடு ஒரு கணக்கில் பந்தயம் கட்டித் தோற்றான். தோற்றவன் தலையைக் கொய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். கொய்தாயிற்று. ஆனால் அத்தலையைக் கடலில் எறிந்தால் கடல் வற்றிவிடும், நிலத்தில் எறிந்தால் நிலம் கருகிவிடும், வானில் எறிந்தால் வானம் தீப்பற்றிவிடும். என் செய்வது? தேவமகளிர் முறை வைத்து, ஆண்டுக்கு ஒருத்தியாக அதனை ஏந்திக்கொண்டிருக்கின்றனர். ஒருத்தி கையிலிருந்து மற்றொருத்தி கைக்கு அது மாறும் நாளே ஆண்டுப் பிறப்பு. தலையிழந்த உடலுக்கு யானைத் தலை பொருத்தப்பட்டதாகவும் அவனே ‘மஹா பெயின்னே’ என்றும் கதை முடிகின்றது. நம் ஊர்ப் பிள்ளையாரே இவ்வாறு கடல் கடந்து வேறு பெயர் பூண்டிருக்கின்றார். இக்கதைகளை நாம் நம்ப வேண்டியதில்லை. எரியும் தலையொன்றை எவரேனும் ஒருவர் கையில் ஏந்திக்கொண்டே இருந்தால்தான் உலகம் தீயாது என்ற எண்ணம் மட்டும் என் மனத்தில் நெடுநாள் நின்றது.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏப்ரல் அங்கும் கொடுங்கோடை. குளங்கள் வற்றும் காலம். வற்றிய குட்டைகளில் துடிக்கும் மீன்களைப் பானைகளில் அள்ளிச் சென்று ஆற்றில் விடுவதை அவர்கள் பெரும் அறமாகக் கருதுகின்றனர். நகரங்களில் இன்று மேடை கட்டிக் குழாய் பிடித்து வருவோர் போவோரையெல்லாம் நனைக்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் அதன் வேர் பாட்டியம்மா காட்டிய கிண்ணத்தில்தான் இருக்கின்றது. நறுநீரில் தழையைத் தோய்த்துத் தெளிப்பது சென்ற ஆண்டின் அழுக்கைக் கழுவுவதற்கு. பர்மியர் தெளிக்கும் தழை ‘தபியே’. அது நம் நாவலின் இனம். விழா நாட்களில் பெண்கள் கூந்தலில் சூடும் பொன்னிறப் பூ ‘படவுக்’. அதுவோ நம் வேங்கையின் இனம். கோடையின் முதல் மழை பெய்தவுடன் பூத்து விரைவில் உதிர்ந்துவிடுமாம். தாய்லாந்தின் தேசிய மலர் எதுவென்று நினைக்கின்றீர்கள்? ஆவடிச் சாலையோரங்களில் கோடைதோறும் மஞ்சள் சரமாகத் தொங்கும் நம் சரக்கொன்றைதான்.

தலை கழுவும் வழக்கத்திற்கு வருகின்றேன். புத்தாண்டு நாளில் இளையோர் முதியோரின் இல்லம் தேடிச் சென்று, மண்குடத்தில் நீரும் தலைக்குத் தேய்க்கும் பொருள்களும் காணிக்கையாக வைத்து, மண்டியிட்டு வணங்குவர். பின்னர், தாங்களே அவர்களுடைய தலையைக் கழுவிவிடுவர். ‘தயோ’ என்னும் மரப்பட்டையை ஊறவைத்துக் கசக்கிய நுரையோடு அவர்கள் சேர்க்கும் ‘கின்புன்’ காய் வேறெதுவுமன்று, நம் சீயக்காயே. தாய்லாந்தில் முதியோரின் உள்ளங்கைகளில் மணநீர் வார்த்து மன்னிப்பு வேண்டுவர். யாழ்ப்பாணத்தில் நம் தமிழர், புத்தாண்டுப் புண்ணிய காலத்தில் மூலிகைகள் இட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்த பின்னரே முழுகுவர். சிங்களரிடையே பெரியவர் ஒருவர் இளையோர் தலையில் எண்ணெய் வைப்பது உண்டு. வங்கக் கடலைச் சுற்றிலும் ஆண்டின் முதற்கடன் ஒருவர் தலையில் மற்றொருவர் கை வைப்பதாகவே இருக்கின்றது. இங்கே நம் வீடுகளில் தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும் வழக்கம் இருந்தது. அதுவும் இப்போது கடையில் விற்கும் சிறு பொட்டலத்தோடு குளியலறைக்குள் தனியே நடந்துவிடுகின்றது.

2023 அக்குடும்பத்திற்குத் துக்க ஆண்டு. 2024-இல் பாட்டியம்மா எண்ணூரில் மகள் வீட்டில் இருந்தார். 2025 தவக்காலத்தில், ஆண்டுக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஏப்ரல் 17, பர்மிய ஆண்டு 1387-இன் முதல் நாள், பெரிய வியாழன்! மாலையில் நாம் பாதம் கழுவும் நாளில், காலையில் அவர்கள் தலை கழுவும் நாள். இம்முறை நானே அவர்கள் இல்லத்திற்குச் சென்று, விழாவைச் செய்யுமாறு கேட்டுக்கொண்டேன். அதனை முன்கூட்டியே பங்குப் பேரவையிலும் தெரிவித்தேன்.

பேரவையில் இருவர் மறுப்புக் கூறினர். “இது பௌத்தர் விழா ஆயிற்றே சாமி, இந்திரன் இறங்கி வருகிறான் என்பதையெல்லாம் நாம் எப்படி ஏற்பது?” என்றார் ஒருவர். நல்ல மனிதர். பொங்கலன்று ஆலய முற்றத்தில் கரும்பு கட்டி, பானை வைத்து, பால் பொங்கும்போது முதலில் குரல் கொடுப்பவரும் அவரே. அதனை நினைவூட்டியபோது சிரித்துவிட்டார். ஆயினும் அவர் கேட்ட வினா சிரித்துக் கழிக்கத்தக்கதன்று. எந்த வழக்கம் நம்பிக்கையைச் சார்ந்தது, எது குடும்பப் பண்பைச் சார்ந்தது என்று தமிழகத் திருச்சபை தெ நொபிலி அடிகளார் காலத்திலிருந்து வாதாடி வந்திருக்கின்றது. அவ்வாதத்தில் நம் முன்னோர் சிந்திய கண்ணீரும் குறைவன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் நமக்குக் கிடைத்த தெளிவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்திரனுக்குக் குடம் வைப்பதைப் பாட்டியம்மாவின் பெற்றோர் இரங்கூனிலேயே செய்ததில்லை. அண்டை வீட்டுப் பர்மியர் வைத்த குடத்தைப் பார்த்து மகிழ்ந்ததோடு சரி. அவர்கள் மேற்கொண்டது கிண்ணமும் சீயக்காயும்.

மற்றவர் கூறிய மறுப்பு தண்ணீரைப் பற்றியது. இதனை நான் எளிதில் தள்ளமாட்டேன். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததையும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் ஏற்றி வந்த தண்ணீர் நமக்கு அடுத்துள்ள வில்லிவாக்கத்தில் இறக்கப்பட்டதையும் இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். பங்கின் இளைஞர் சிலர் தெருவில் குழாய் பிடித்து விளையாடலாமா என்று ஆவலோடு கேட்டனர். அதற்கு மட்டும் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். கிண்ணத்திற்கு ஒரு செம்பு நீரும் தலைக்கு இரண்டு வாளி நீரும் போதும்.

அதன்பின் மார்ச் 28 வந்தது. மண்டலை, சகாயிங் பகுதிகளை 7.7 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாட்டியம்மாவின் தங்கை, பர்மியர் ஒருவரை மணந்து அங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மக்கள் மண்டலையில் வாழ்கின்றனர். ஒன்பது நாட்கள் தொலைபேசியில் எவரும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலைத் திருப்பலிக்குப் பின் பாட்டியம்மா மாதா பீடத்தின் முன் அமர்ந்திருப்பார். நான் அருகே சென்றால் தலையை மட்டும் அசைப்பார். பத்தாம் நாள் செய்தி வந்தது. வீடு பிளந்துவிட்டது, உயிர்கள் பிழைத்தன, தெருவில் படுத்திருக்கின்றனர்.

“இந்த வருஷம் வேண்டாம் சாமி. ஊரே அழுவுது” என்றார். 2022-இல் அவர் கணவரிடம் ‘வேண்டாம்’ என்ற நான், இப்போது ‘செய்யுங்கள்’ என்று வற்புறுத்தவும் கூசினேன். பர்மாவிலும் அவ்வாண்டு விழாவை ஆடல் பாடல் இல்லாமல் அடக்கமாக நடத்துமாறு அறிவித்திருந்தார்கள். அதற்கு முன்னர், 2021 பிப்ரவரியில் படையினர் ஆட்சியைப் பறித்தபோதும் மக்கள் அவ்வாண்டுத் திஞ்சான் களியாட்டத்தைப் புறக்கணித்ததுண்டு. இரண்டு நாட்கள் கழித்துப் பாட்டியம்மாவே சொல்லி அனுப்பினார். தங்கை மகளிடம் பேசினாராம். தெருவில் கூடாரத்தில் இருந்துகொண்டே, பதினேழாம் தேதி தன் தாயின் தலையைக் கழுவிவிடப் போவதாக அவள் கூறினாளாம். “அவளே செய்யும்போது எனக்கென்ன?”

பெரிய வியாழன் காலை எட்டு மணிக்கு நான் சென்றேன். வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்கு அருகே நாற்காலியில் பாட்டியம்மா அமர்ந்திருந்தார். பேரன் இருபத்தாறு வயது இளைஞன். காருக்கு உதிரிப் பாகம் செய்யும் ஆலையில் இரவுப் பணி முடித்து உறங்காமல் வந்திருந்தான். தயோப் பட்டைக்கு எங்கே போவது? சீயக்காய்த் தூளோடு செம்பருத்தி இலையைக் கசக்கிச் சேர்த்திருந்தார்கள். கோவில் வளாகத்து நாவல் மரத்திலிருந்து நான் கொண்டுபோன கொழுந்தை வெள்ளிக் கிண்ணத்தில் தோய்த்து, முதலில் அவன் பாட்டியின் தோளில் தெளித்தான். பின்பு முழந்தாளிட்டான். அவன் எதையும் சொல்லவில்லை, சொல்லவும் தெரியாது. பர்மிய மொழி அவன் தந்தையோடு நின்றுவிட்டது. பாட்டியம்மா அவன் தலையில் கைவைத்துப் பர்மிய மொழியில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, தமிழில் சிலுவை அடையாளம் வரைந்தார். தலை கழுவத் தொடங்கியதும், “நகம் படாம தேய்டா, அவரு எப்படித் தேய்ப்பாரு தெரியுமா” என்று அதட்டலும் தொடங்கியது. பின்பு சற்றுநேரம் பேச்சில்லை. சீயக்காய் கண்ணில் பட்டதால்தான் கண் கலங்குகின்றது என்று அவரே காரணம் கூறிக்கொண்டார்.

அவ்விடத்தில் நான் ஒன்று செய்தேன். அவ்வீட்டின் சுவரில் மாட்டியிருந்த பெரியவரின் படத்தின்முன் சென்று, கிண்ணத்து நீரைச் சிறிது தெளித்து, மன்னிப்புக் கேட்டேன். எவரும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அன்று மாலை ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலியில் பாதம் கழுவுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிருவருள் பாட்டியம்மாவும் ஒருவர். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வழங்கிய அனுமதிக்குப் பின் பெண்களையும் இச்சடங்கில் அமர்த்தி வருகின்றோம். மூன்றாவதாக அவர் அமர்ந்திருந்தார். காலையில் கழுவிய கூந்தலில் சீயக்காய் மணம் இன்னும் வீசிக்கொண்டிருந்தது. நான் குனிந்து நீர் வார்த்தபோது, மற்றவர் செவியில் விழாதவாறு, “காலையில தல, சாயங்காலம் காலு. இனி இந்த வருஷத்துக்குக் குளிக்கவே வேண்டாம் சாமி” என்றார். பீடத்தின்முன் சிரிப்பை அடக்க நான் பட்ட பாட்டை இறைவனே அறிவார்.

உயிர்ப்பு ஞாயிறன்று நண்பகல், தூக்குப் பாத்திரம் ஒன்றைப் பேரன் கொண்டுவந்து தந்தான். பர்மியர் திஞ்சானுக்குச் செய்யும் ‘மொன்லோன் யேபோ’ என்னும் பலகாரம். ஒட்டும் தன்மையுள்ள அரிசி மாவை உருட்டி, நடுவில் வெல்லம் வைத்து, கொதிநீரில் இடுவர். வெந்ததும் மேலே மிதந்து வரும். தேங்காய்த் துருவலைத் தூவித் தருவர். கொழுக்கட்டையின் தம்பி என்று கொள்க. ஒட்டரிசிக்குப் பாட்டியம்மா செட்டிநாட்டுக் கவுனி அரிசியைத் திரித்திருந்தார். அவ்வரிசியும் நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்ததே என்பர். அதனால் உருண்டைகள் கருஞ்சிவப்பாக இருந்தன. இப்பலகாரத்தில் ஒரு குறும்பும் உண்டு. நூறு உருண்டைக்கு ஒன்றிரண்டில் வெல்லத்திற்குப் பதிலாகக் காந்தாரி மிளகாயை வைத்து உருட்டிவிடுவார்கள். எதில் இருக்கின்றது என்பது வாயில் போடும் வரை எவருக்கும் தெரியாது.

பாத்திரத்தில் எட்டு உருண்டைகள் இருந்தன. உதவிப் பங்குத்தந்தையும் சமையற்காரரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டனர். வெல்லம். நான் எடுத்த உருண்டையில் வெல்லம் இல்லை. வாசலில் நின்றுகொண்டிருந்த பேரன், “பாட்டி பார்த்துட்டு வரச் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.